முதல் எச்.ஆர். வேலை: பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிடாதீர்கள்

போன மாதம் எங்கள் தொழிற்சாலையில் எச்.ஆர். (மனிதவளத் துறை) டிரெய்னி இரண்டு பேரை எடுக்க நேர்காணல் நடத்தினோம். எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து ஓரிரு வருடம் ஆன ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் 2012-ல் நான் செய்த அதே தவறைச் செய்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போன பிறகும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரெஸ்யூமில் எழுத்துப்பிழை, தாமதமாக வருவது, போனை அணைக்காமல் உள்ளே வருவது பற்றியெல்லாம் கல்லூரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ்" என்ற பெயரைப் பார்த்துச் சேர்வது

எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு சென்னையில், கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சியில் எனக்கு வேலை கிடைத்தது. ஆபர் லெட்டரில் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் என்று போட்டிருந்தது. சம்பளம் 11,000 ரூபாய். ஊரில் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

வேலை என்னவென்றால், காலை ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டினால் மாலைக்குள் எண்பது போன். நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தில் ரெஸ்யூம் தேடுவது, கூப்பிடுவது, "இப்ப என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கறீங்க, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்" என்று கேட்டு எக்செலில் நிரப்புவது. வாரக் கடைசியில் எத்தனை பேரை நேர்காணலுக்கு லைன்-அப் செய்தோம் என்று கணக்கு. பதினாறு மாதம் இதைச் செய்தேன். அந்தப் பதினாறு மாதத்தில் ஒரு மஸ்டர் ரோலை (தொழிலாளர் வருகைப் பதிவேடு) கண்ணால் பார்த்ததில்லை. ஒரு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சலான் எப்படி இருக்கும் என்றும் தெரியாது.

2013 அக்டோபரில் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நேர்காணலுக்குப் போனேன். அனுபவம் ஒன்றே கால் வருடத்துக்கு மேல் என்று தைரியமாகத்தான் போனேன். மேனேஜர் ஒரே கேள்வி கேட்டார்:

"ஒருத்தருக்கு கிராஸ் 14,800. இ.எஸ்.ஐ. பிடிக்கிறோம். மே மாசம் இன்கிரிமென்ட் வந்து 15,600 ஆயிடுச்சு. எந்த மாசத்திலேருந்து இ.எஸ்.ஐ. நிறுத்துவீங்க?"

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான காப்பீடு; குறிப்பிட்ட வரம்புக்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். அப்போது அந்த வரம்பு 15,000 (2017 ஜனவரி முதல் 21,000). அந்த எண்ணாவது தெரிந்திருந்தது. "மே மாசத்திலேயே நிறுத்திடலாம் சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினார். "ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு கான்ட்ரிபியூஷன் பீரியட்மா. நடுவுல வரம்பு தாண்டினாலும் செப்டம்பர் முடியற வரைக்கும் பிடிச்சே ஆகணும். நீ சொன்ன மாதிரி நிறுத்தினா அவன் கணக்குல ஏப்ரல் ஒரு மாசம்தான் நிக்கும். 78 நாளுக்குக் கட்டியிருந்தாத்தான் அடுத்த ஜனவரி டு ஜூன்ல உடம்பு முடியாம படுத்தா சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். உன்னால அது போயிடும்."

வேலை கிடைக்கவில்லை. அதைவிட, யாரோ ஒரு தொழிலாளி காய்ச்சலில் படுத்திருக்கும்போது கைக்கு வரவேண்டிய பணம் என் கவனக்குறைவால் நின்றுபோயிருக்கும் என்ற நினைப்பு பல நாள் உறுத்தியது.

போன மாதம் வந்தவர்களிடம் நானும் இதே கேள்வியை 21,000 வரம்புக்கு மாற்றிக் கேட்டேன். அந்த ஐந்து பேருக்கும் தெரியவில்லை. அதில் ஒரு பெண், "மேடம், எங்க ஆபீஸ்ல பேரோல், சம்பளக் கணக்குப் பக்கமே விடமாட்டாங்க" என்றாள். இரண்டு வருடம் போயிருக்கிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெறும் போன் வேலைக்கு இந்தப் பெயரை வைத்து, பட்டம் முடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களே, அதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம்.

ஆள் எடுப்பதும் எச்.ஆர். வேலையில் ஒரு பகுதிதான். அதையே விரும்பி எடுத்து நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள். தெரிந்து சேர்ந்தால் தவறே இல்லை. தெரியாமல் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்து, எச்.ஆரில் எல்லாம் பார்க்கும் ஜெனரலிஸ்ட் வேலைக்கு வரும்போதுதான் மறுபடி ஃபிரெஷரோடு ஃபிரெஷராக நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆபீஸில் சம்பளம் போடுவது யார்? ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்குப் பார்ப்பது யார்? முதல் மூன்று மாதம் என் மேஜைக்கு என்ன வேலை வரும்? மூன்றாவதுக்கு "டார்கெட்" என்ற சொல்லோடு பதில் வந்தால் அது என்ன வேலை என்று புரிந்துவிடும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். என்னிடம் இப்படிக் கேட்ட யாரையும் நான் குறைத்து மதிப்பிட்டதில்லை.

"எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும்"

ஏன் எச்.ஆர். என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது இதுதான். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்து வரும் சம்பளக் கணக்குக் கேள்விக்கு இது உதவாது.

வீட்டில் அப்பாவோ அண்ணனோ வேலைக்குப் போகிறார்கள் என்றால் அவர்கள் சம்பளச் சீட்டை வாங்கி ஒரு மாலை உட்காருங்கள். பி.எஃப். சம்பளம் 15,000 என்றால் தொழிலாளியிடம் 12 சதவீதம், 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். கம்பெனியும் 1,800 கட்டுகிறது. அந்த 1,800-ல், சம்பளத்தின் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். மீதி 550 தான் பி.எஃப். கணக்கில் சேரும். "கம்பெனி கட்டின காசு பாஸ்புக்ல கம்மியா இருக்கே" என்று ஒரு தொழிலாளி வந்து நிற்கும்போது இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதுதான் மனிதர்களோடு பழகுவது.

பழைய நோட்ஸ்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. சீனியர் கொடுத்த நோட்ஸை மட்டும் படித்துவிட்டு வந்தால் பாதி பதில் பழசாக இருக்கும். தொழிற்சாலைச் சட்டத்தில், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் தொழிலாளர் நல அதிகாரி வைக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். புதிய தொகுப்பில் அது 250. ஒப்பந்த காலத்துக்கு மட்டும் எடுக்கப்படுபவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. சம்பளத்தை அலவன்ஸ்களாகப் பிரித்து அடிப்படையைக் குறைத்துக் காட்டும் வழக்கத்துக்கும், கணக்கில் சேராத அலவன்ஸ்கள் மொத்தத்தில் 50 சதவீதம் வரைதான் என்று கட்டுப்பாடு வந்திருக்கிறது. இதையாவது தெரிந்துகொண்டு வாருங்கள்.

நல அதிகாரி ஆக வேண்டும் என்பவர்கள் தங்கள் பட்டம் அதற்குச் செல்லுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எம்.பி.ஏ. எச்.ஆர். என்றாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மை என்றே தனிப் படிப்பு இருக்கிறது.

வேலைக்குப் பணம் கட்டுவது

கட்டாதீர்கள்.

ஒரிஜினல் சான்றிதழை ஒப்படைப்பது

காட்டலாம், நகல் கொடுக்கலாம். வைத்துவிட்டு வரக்கூடாது.

டைம் ஆபீஸை மட்டமாக நினைப்பது

ஏ.சி. ஆபீஸ், ஓ.எம்.ஆர்., ஐ.டி. கம்பெனி என்று மட்டும் தேடி ஒரு வருடம் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கிறேன். கேட் பக்கத்தில் இருந்து தொழிலாளர்களின் வருகையும் நேரமும் பார்க்கும் டைம் ஆபீஸ் வேலையைச் சொன்னால் முகம் சுருங்குகிறது.

எனக்கு அந்த ஒரகடம் நேர்காணலுக்குப் பிறகு கிடைத்தது அதுதான். வேறொரு தொழிற்சாலை, 9,500 ரூபாய், அதாவது 1,500 குறைவு. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும்.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி ஜன்னலுக்கு வெளியே நின்றார். தமிழ் சரியாக வரவில்லை. இரண்டு விரலைக் காட்டி "ஓ.டி., ஓ.டி." என்றார், இரண்டு நாள் ஓவர்டைம் சேரவில்லை என்று. மெஷினில் அந்த இரண்டு நாளும் வெளியே போன பஞ்ச் பதிவாகவில்லை. அவர் ஓ.டி. பார்க்கவே இல்லை என்றார் சூப்பர்வைசர். செக்யூரிட்டியிடம் கேட் ரெஜிஸ்டரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இரண்டு நாளும் நான்கு மணி நேரம் தாண்டி வெளியே போனதாக நீல மையில் எழுதி அந்தத் தொழிலாளியின் கையெழுத்தும் இருந்தது. எட்டு மணி நேரம். அவருடைய கூலி மணிக்கு 30 ரூபாய், ஓ.டி.க்கு இரட்டிப்பு. அந்த மாதச் சம்பளத்தில் அவருக்கு 480 ரூபாய் கூடுதலாகச் சேர்ந்தது. நான் கையால் போட்ட முதல் கணக்கு அது.