டாக்டர் ஹூ நாவல்கள்: புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

1963 நவம்பரில் பிபிசியில் தொடங்கிய 'டாக்டர் ஹூ', காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியின் கதை. இந்தத் தொடரை ஒட்டி நூற்றுக்கணக்கான நாவல்கள் வந்திருக்கின்றன. தொடரை உயிராக நினைப்பவர்களில் பலரும் இவற்றைத் தொடுவதில்லை. "அதான் டிவியில் பார்த்தாச்சே" என்பார்கள். முதல் தவறே அதுதான்.

டேவிட் விட்டேக்கர் 1964இல் எழுதிய முதல் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். டாலெக் என்ற கொடிய எதிரிகள் வரும், தொடரின் இரண்டாவது கதை அது. இயன், பார்பரா என்ற இரண்டு ஆசிரியர்கள் மாணவி சூசனைப் பின்தொடர்ந்து, பழைய சாமான்கள் கிடக்கும் இடத்துக்குப் போய் டாக்டரைச் சந்திப்பது டிவியின் முதல் கதையிலேயே முடிந்துவிட்டது. ஆனால் புத்தகத்தை மட்டும் படிப்பவருக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே! விட்டேக்கர் பார்ன்ஸ் காமன் என்ற இடத்தில், மூடுபனியில் நடந்த ஒரு விபத்திலிருந்து ஆரம்பிக்கிறார். கதையைச் சொல்பவன் இயன். முழுக்க முழுக்க 'நான்' என்ற குரலில் போகிறது. டாக்டரை ஒரு சாதாரண மனிதன் எவ்வளவு சந்தேகத்தோடும் பயத்தோடும் பார்த்திருப்பான் என்பது கேமராவைவிட இதில் நன்றாகத் தெரிகிறது. 1981இல் முதல் கதையை டெரன்ஸ் டிக்ஸ் நாவலாக்கியபோது அந்தப் பழைய சந்திப்பும் அச்சுக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

மால்கம் ஹல்க் இன்னும் ஒரு படி மேலே போனார். திரையில் பெயர்கூட இல்லாமல் வந்துபோன ஊர்வன இனத்தவருக்குப் பெயர்கள் வைத்து, அவர்கள் நீண்ட உறக்கத்துக்குப் போகும் முன்பு என்ன நினைத்தார்கள் என்பதிலிருந்து நாவலைத் தொடங்கினார். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: டிவி கதையின் பெயரை வைத்துத் தேடினால் இந்தப் புத்தகம் கிடைக்காது. 1974இல் வந்த நாவலின் பெயர் 'டாக்டர் ஹூ அண்ட் த கேவ் மான்ஸ்டர்ஸ்'. விட்டேக்கரின் புத்தகத்தையும் டார்கெட் பதிப்பகம் 1973இல் வேறு தலைப்பில் மறுபதிப்பு செய்தது. தலைப்பு வேறாக இருக்கிறதே என்று ஒரே நாவலை இரண்டு முறை வாங்கிவிடாதீர்கள்.

அடுத்த தவறு, எல்லாமே சிறுவர் புத்தகம் என்று நினைப்பது. டார்கெட் வரிசை பெரும்பாலும் இளம் வாசகர்களுக்கானது, சரி. ஆனால் தொடர் 1989இல் நின்றபின் வெர்ஜின் பதிப்பகம் 1991 முதல் கொண்டுவந்த 'நியூ அட்வென்ச்சர்ஸ்' பெரியவர்களுக்கானது. வன்முறை, பாலுறவு, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. அட்டையைப் பார்த்துப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டாம்.

அந்த வரிசையில்தான் பால் கார்னெலின் 'ஹியூமன் நேச்சர்' (1995) வந்தது. 2007இல் டேவிட் டெனன்ட் நடிக்க அதையே எபிசோடுகளாக எடுத்தார்கள். அதைப் பார்த்தவர்களும் நாவலைப் படிக்கத்தான் வேண்டும். திரையில் டாக்டர் எதிரிகளிடமிருந்து ஒளிந்துகொள்ள மனிதனாகிறார். நாவலில் வருபவர் ஏழாவது டாக்டர் (நடிகர் மாறும்போதெல்லாம் டாக்டரும் புது உருவம் எடுப்பார்; அந்த வரிசையில் ஏழாவது). மனித உணர்வு எப்படியிருக்கும் என்று அறிய, தானாக விரும்பி மனிதனாகிறார். இந்த ஒரு மாற்றத்தால், அதன்பின் நடக்கும் சாவுகளின் பொறுப்பு முழுக்க அவர் தலையில் விழுகிறது. என்னைக் கேட்டால் நாவல்தான் கனமானது.

முதல் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். 'நியூ அட்வென்ச்சர்ஸ்' மட்டுமே 61 நாவல்கள். டாக்டரின் பயணத் துணையாகும் தொல்லியலாளர் பெர்னிஸ் சம்மர்ஃபீல்டு அறிமுகமாகும் 'லவ் அண்ட் வார்' (1992) நல்ல வாசல். எட்டாவது டாக்டரை வைத்து பிபிசி 1997 முதல் 2005 வரை வெளியிட்ட 73 நாவல்களில் முதலாவது, பழைய டாக்டர்கள் அத்தனை பேரையும் சந்திக்க வைக்கிறது. பழைய கதைகள் தெரியாதவருக்கு அது தலைசுற்றல்தான். ஆனால் அந்த வரிசையின் பிற்பகுதியில் கதை தொடர்ச்சியாக ஓடுவதால், அங்கே மட்டும் வரிசைப்படி போவது நல்லது.

அப்புறம், "இதெல்லாம் டிவி தொடரின் உலகில் உண்மையிலேயே நடந்ததாகக் கணக்கா?" என்ற கேள்வி. நாவல்கள் செல்லுமா செல்லாதா என்று பிபிசி தீர்ப்பு எதுவும் சொன்னதில்லை. 2005இல் தொடரை மீட்டுக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸே 1996இல் வெர்ஜினுக்கு ஒரு நாவல் எழுதியவர்தான்.