முதல் டிரம் செட்: நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டிரம் பழக வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் உறுமி மேளக் குழுக்களில் வாசித்தவர்கள். தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்துகொண்டே மணிக்கணக்கில் வாசித்த கைகள் அவை. அவர்களுக்கு நான் தாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. தடுமாற்றம் வேறு இடத்தில் வருகிறது. உறுமி தோளிலிருந்து தொங்கும், ஆள் நின்று வாசிப்பார், கால் நடக்க மட்டும்தான். டிரம் செட்டிலோ உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் வேலை வாங்க வேண்டும். உட்காரும் இடம் சரியில்லை என்றால் எவ்வளவு பழகிய கையும் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடும்.

நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றேன். முதல் டிரம் செட்டுக்குச் சேர்த்த பணம் முழுவதும் டிரம்முக்கே போய்விட்டது. கடைக்காரர் ஸ்டூலைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு வருடம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன். இடுப்பு வலி வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. அதனால் இந்த விளக்கத்தில் ஸ்டூலுக்குத்தான் முதல் இடம்.

வாங்கும்போது

பொதுவான டிரம் செட்டில் ஐந்து டிரம் இருக்கும்: காலால் மிதித்து அடிக்கும் பெரிய பாஸ் டிரம், அடித்தோலில் கம்பிகள் ஒட்டிய ஸ்நேர், மேலே இரண்டு டாம், தரையில் நிற்கும் ஃபுளோர் டாம். அளவில் இரண்டு வகையை அதிகம் பார்ப்பீர்கள். 22 அங்குல பாஸ் டிரம்மோடு 12, 13, 16 அங்குல டாம்கள் வந்தால் அது ராக் அளவு. டாம்கள் 10, 12, 14 என்று வந்தால் ஃபியூஷன் அளவு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ குள்ளமானவருக்கோ 20 அங்குல பாஸ் டிரம் உள்ள செட்டையே நான் சொல்வேன். பாஸ் டிரம்மின் மேல்தான் டாம்கள் உட்காருகின்றன. அது இரண்டு அங்குலம் குறைந்தால் டாம்களையும் அந்த அளவுக்குக் கீழே இறக்கலாம். லயத்து வீட்டு (தோட்டத்து வரிசை வீட்டு) ஹாலிலும் இடம் மிச்சமாகும்.

பாப்லரா, பிர்ச்சா, மேப்பிளா என்று மரத்தைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். புதிய தோல் போட்டுச் சுருதி சேர்த்த மலிவான டிரம், தேய்ந்த தோலோடு இருக்கும் விலையுயர்ந்த டிரம்மைவிட நன்றாகப் பேசும். சிம்பல் எனும் உலோக வட்டு அப்படியில்லை. மலிவான செட்டோடு வரும் பித்தளைச் சிம்பல் தட்டு மாதிரி ஒலிக்கும், அதைச் சுருதி சேர்க்கவும் முடியாது. வெண்கலச் சிம்பலில் பி8 என்பது 92 சதவீதம் செம்பும் 8 சதவீதம் வெள்ளீயமும் சேர்ந்தது. பி20இல் அது 80க்கு 20. தொடக்கத்துக்கு பி8 போதும். காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பலான ஹை-ஹாட் 14 அங்குலத்தில் ஒரு ஜோடியும், ரைடு எனும் பெரிய சிம்பல் 20 அங்குலத்தில் ஒன்றும் இருந்தால் பல மாதங்கள் பழகலாம். குச்சி 5ஏ எனும் நடுத்தர அளவில் ஒரு ஜோடி வாங்குங்கள்.

பழைய செட் வாங்குவது நல்ல யோசனைதான். பெர்ல் நிறுவனத்தின் எக்ஸ்போர்ட் வரிசை டிரம் செட் 1982இல் வந்தது. அதில் பழைய செட்டுகள் இன்றும் கைமாறுகின்றன. படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், ஈப்போவுக்கே போக வேண்டியிருந்தாலும் நேரில் போய்ப் பாருங்கள். தோலை இறுக்கும் டிரம் சாவியைக் கையோடு எடுத்துப் போய் ஒவ்வொரு திருகாணியையும் அரைச் சுற்று திருப்புங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். சிம்பலின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் நகம் மாட்டும். நடுத்துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தேய்ந்து நீண்டிருந்தால் அந்தச் சிம்பலை விட்டுவிடுங்கள். ஸ்நேரின் அடிக்கம்பிகள் நெம்புகோலைத் தட்டியதும் ஒட்டிக்கொண்டு, மறுபடி தட்டினால் முழுதாக விலக வேண்டும்.

பணம் பற்றாக்குறை என்றால் ஒரு டாமைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஸ்டூலைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு காலும் இரட்டைக் கம்பியாக உள்ள ஸ்டூலாகப் பாருங்கள்.

பொருத்தும்போது

டிரம்களை ஒதுக்கி வைத்துவிட்டு, விரிப்பின் மேல் ஸ்டூலை மட்டும் போடுங்கள். விரிப்பு இல்லாவிட்டால் சிமெண்டுத் தரையில் பாஸ் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். நுனியில் தொத்திக்கொள்ளாமல் நன்றாக உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், தொடை முன்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். ரொம்பத் தாழ்வாக உட்கார்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழுக்காலையும் தூக்க வேண்டிவரும், முதுகும் வளையும். ரொம்ப உயரமானால் குதிகால் தரையில் நிற்காது. சரி, உயரம் கிடைத்துவிட்டது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாதங்களையும் இஷ்டம்போல் வைத்துப் பாருங்கள். பாதங்கள் நேராக நிற்காமல் கொஞ்சம் விரிந்து நிற்கும்.

அந்தப் பாதங்களுக்குக் கீழேதான் பெடல்கள் வர வேண்டும். வலது பாதம் காட்டும் திசையில் பாஸ் டிரம் பெடல், இடது பாதம் காட்டும் திசையில் ஹை-ஹாட். இப்படி வைத்தால் பாஸ் டிரம் பார்வையாளர்களை நேராகப் பார்க்காமல் சற்று வலப்பக்கம் திரும்பியிருக்கும். அதைத் திருத்த வேண்டாம். புகைப்படத்துக்கு அழகாக வேண்டும் என்று அதை நேராக்கிவிட்டு முழங்காலைத் திருகிக்கொண்டு வாசிக்கும் தம்பிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பாஸ் டிரம்மின் இரண்டு முன்கால்களையும் நீட்டி, முன்விளிம்பு தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்படி வையுங்கள். இடதுகைக்காரர் என்றால் எல்லாவற்றையும் அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றி வைக்கலாம்.

அப்புறம் ஸ்நேர். அது இரண்டு தொடைகளுக்கும் நடுவில், தொடையைவிடச் சில அங்குலம் மேலே, இடுப்புவார் உயரத்துக்கு அருகில் இருக்கட்டும். தோளைத் தளர்த்தி, முழங்கையைத் தொங்கவிட்டு, குச்சியைத் தோலின் நடுவில் வையுங்கள். கை தொடையில் இடித்தால் ஸ்நேர் தாழ்வு. தோள் தூக்கினால் உயரம். ஹை-ஹாட் ஸ்நேரைவிட ஒரு சாண் அளவு மேலே நிற்கட்டும். வலது கை ஹை-ஹாட்டில் அடிக்க, அதன் கீழே இடது கை ஸ்நேரில் தாராளமாக ஏறி இறங்க இடம் வேண்டும்.

டாம்களைத்தான் பலரும் செங்குத்தாகச் சாய்த்து வைக்கிறார்கள். அப்போது குச்சியின் நுனி தோலில் குத்தும், பள்ளம் விழும், குச்சி துள்ளித் திரும்பாது. டாமைத் தாழ்த்தி, லேசாக மட்டும் உங்கள் பக்கம் சாய்த்து, ஸ்நேரிலிருந்து குச்சி விளிம்பைத் தட்டாமல் போய்ச் சேருகிறதா என்று மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஃபுளோர் டாம் ஸ்நேர் உயரத்திலேயே நிற்கலாம்.

சிம்பல்கள் கடைசியில். முதுகு ஸ்டூலிலிருந்து முன்னால் சாயாமல் குச்சி ரைடைத் தொட வேண்டும். சிம்பலை ஸ்டாண்டில் மாட்டும்போது பிளாஸ்டிக் குழாயும் கீழும் மேலும் கம்பளி வட்டமும் கட்டாயம். நட்டை இறுக்கிவிடாதீர்கள், அடி விழுந்ததும் சிம்பல் ஆட வேண்டும். நடுத்துளை நீள்வது குழாய் இல்லாமல் மாட்டுவதால்தான்.

லயத்தில் சுவர் பொதுச்சுவர், மேலே தகரக் கூரை. பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர் இருக்கலாம். முதல் நாளே போய் எந்த நேரம் தொந்தரவு இல்லை என்று கேட்டு வாருங்கள். மற்ற நேரத்துக்கு ரப்பர் பயிற்சித் தட்டு போதும். வலைத்தோல் போட்ட எலக்ட்ரானிக் செட்டுக்குக் கையோசை குறைவுதான், ஆனால் பெடல் அடி தரை வழியாகப் போகும். அதற்கும் அடியில் தடிமனான விரிப்பு வேண்டும்.

எல்லாம் அமைந்ததும் ஸ்டூல், ஸ்டாண்டு, டிரம் ஒவ்வொன்றின் காலும் நிற்கும் இடத்தில் விரிப்பில் டேப் ஒட்டிவிடுங்கள். கோயில் நிகழ்ச்சிக்குச் செட்டைக் கழற்றிப் போனாலும் அந்த விரிப்பையே எடுத்துப் போய் விரித்தால் பத்து நிமிடத்தில் உங்கள் இடம் திரும்பக் கிடைக்கும். இரண்டு வாரம் வாசித்த பிறகு எங்காவது வலித்தால் முதலில் ஸ்டூலின் உயரத்தை ஒரு விரலளவு மாற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் டேப்பைப் பிய்த்துப் புதிய இடத்தில் ஒட்டுங்கள்.