குறைந்த பணத்தில் பழைய லேப்டாப்: பார்த்து வாங்குவது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருளுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறும். லேப்டாப்புக்கு நேர்மாறு. பிள்ளையை அழகப்பா பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு 20,000 ரூபாய்க்குள் ஒன்று தேடுகிறீர்களா? மூடியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், வயதைக் கேளுங்கள்.

படி 1: பிராசஸர் எண்
இன்டெல் பிராசஸரில் ஐ5-க்குப் பின்னால் 8250 என்றிருந்தால் 8ஆம் தலைமுறை. 6300 என்றால் 6ஆம் தலைமுறை. இன்டெல்லில் 8-க்குக் கீழே இறங்காதீர்கள். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. “ஐ7 சார், சல்லிசா தர்றேன்” என்று 4ஆம் தலைமுறையை நீட்டுவார்கள். வேண்டாம். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) இருந்தால் படிப்புக்குப் போதும்.

படி 2: மாடல்
லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக். கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிப்பவை. உடம்பு கெட்டி, உதிரிபாகமும் கிடைக்கும்.

படி 3: கடையில் உட்கார்ந்து சோதியுங்கள்
அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். ஆன் செய்ததும் தட்ட வேண்டிய கீ: திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினே வேண்டாம். பல மாடல்களில் அதை நீக்குவது பெரும்பாடு. சீரியல் எண் அடிப்பக்க ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். விண்டோஸை ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால் பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

பிறகு பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்க, சார்ஜரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் வீடியோ ஓடட்டும். அதற்குள் நோட்பேடில் ஒவ்வொரு கீயையும் தட்டிப் பாருங்கள், பென்டிரைவை எல்லாத் துளையிலும் செருகுங்கள், போன் ஹாட்ஸ்பாட்டில் வைஃபையைச் சோதியுங்கள். வெள்ளைத் திரையில் கோடோ கறையோ தெரிகிறதா? மூடியைத் திறக்கும்போது கீல் பக்கம் பிளாஸ்டிக் வாய்பிளக்கிறதா? கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோனால் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் சதவீதத்தில் தெரியும்.

படி 4: பில்
சீரியல் எண்ணோடு பில், வாரண்டி எத்தனை நாள் என்பதும் எழுத்தில். பல்லவன் ரயிலில் ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ரகம் நிறைய இருக்கும். ஆனால் கோளாறு வந்தால் மறுபடி சென்னைக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? கொஞ்சம் கூடுதலானாலும் உள்ளூர்க் கடைக்கே என் ஓட்டு. பேட்டரி மாற்ற 2,000 ரூபாயாவது தனியே எடுத்து வைத்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள்.