கிராஞ்சியில் இருந்து ஜோகூர் பாருவுக்கு: முப்பது வெள்ளியில் தனியாக ஒரு நாள்

சிங்கப்பூரில் என் ஹாஸ்டல் ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இன்னொரு நாடு, மலேசியாவின் ஜோகூர் பாரு நகரம், இருக்கிறது, ஒன்றரை வருடமாகப் போகவில்லை என்றால் வெட்கம்தானே. போன செமஸ்டர் லீவில் ஒரு புதன்கிழமை கிளம்பிப் போய் வந்தேன். பஸ் காசு தவிர முப்பது வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கினேன், அதிலும் கொஞ்சம் மிச்சம். இந்திய பாஸ்போர்ட்டும் சிங்கப்பூர் மாணவர் அட்டையும் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விசா விதி மாறும்.

முதல் வேலை, நாளைத் தேர்ந்தெடுப்பது. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். ஜோகூர் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பழைய பதிவுகளில் படித்தால் நம்பாதீர்கள், 2025 ஜனவரி முதல் அங்கேயும் சனி ஞாயிறுதான். வார நாள் காலையில் மலேசியர்கள் வேலைக்காக இந்தப் பக்கம் வருகிறார்கள், மாலையில் திரும்பிப் போகிறார்கள். நாம் அப்படியே எதிர்த்திசை. காலை ஏழரைக்கு சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எனக்கு முன்னால் நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்தது மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை, எம்டிஏசி. இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா தேவையில்லை, ஆனால் இந்தப் படிவம் கட்டாயம். போவதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், காசு கிடையாது. கட்டணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள், அது மலேசியக் குடிநுழைவுத் துறையுடையது இல்லை. எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் பகல் பயணிகள் முழிப்பார்கள். நான் 'மற்றவை' என்று போட்டு ஜோகூர் பாருவில் உள்ள சிட்டி ஸ்குவேர் மாலின் முகவரியைக் கொடுத்தேன். வாகன எண்ணுக்கு பஸ் எண்ணையே போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ரயிலிலும் போகலாம், ஷட்டில் தெப்ராவ், ஐந்தே நிமிடம். ஆனால் சிங்கப்பூரில் இருந்து போக ஐந்து வெள்ளி, டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். என் ஓட்டு பஸ்ஸுக்குத்தான். சிங்கப்பூரின் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே 170எக்ஸ் பஸ், ஈஸிலிங்க் என்ற பயண அட்டையைத் தட்டி ஏற வேண்டியதுதான்.

இனி நான் கோட்டை விட்ட இடம். கவனமாகப் படியுங்கள்.

பஸ் உங்களை நேராக ஜோகூரில் இறக்காது. முதலில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்க வேண்டும், அட்டையைத் தட்டிவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டு. அந்த பஸ் காத்திருக்காது. சிங்கப்பூர் குடிநுழைவு முடிந்து கீழே வந்தால் பஸ் எண் எழுதிய வரிசைகள் இருக்கும், உங்கள் எண் வரிசையில் நின்று அடுத்து வருகிற பஸ்ஸில் ஏறுங்கள். பாலத்தைத் தாண்டியதும் ஜோகூர் பக்கம் மறுபடி இறக்கம், மறுபடி குடிநுழைவு, பைகளுக்கு எக்ஸ்ரே. இதுவரை சரியாகத்தான் செய்தேன்.

எக்ஸ்ரே தாண்டியதும் என் முன்னால் போனவர்கள் எல்லாம் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அங்கே 170 என்ற வேறொரு பஸ் நின்றது, எல்லோரும் ஏறினார்கள், நானும் ஏறினேன். அவர்கள் ராத்திரி ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருபது நிமிடம் கழித்து லார்க்கின் பேருந்து நிலையத்தில் நின்றேன், சுற்றிலும் மலாக்காவுக்கும் கோலாலம்பூருக்கும் ஆள் கூப்பிடுகிறார்கள். இங்கேயா வந்தீங்க தம்பி என்று ஒரு பெட்டிக்கடை அக்கா சிரித்துவிட்டு, திரும்புகிற பஸ்ஸைக் கைகாட்டினார்.

ஆகவே: நகரத்துக்குள் போக வேண்டுமானால் எக்ஸ்ரேக்குப் பிறகு கீழே இறங்காதீர்கள். 'ஜேபி சென்ட்ரல்' (ஜோகூர் பாரு ரயில் நிலையம்) என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு அதே தளத்தில் நடங்கள். அந்த நிலையத்தைக் கடந்து மேம்பாலம் வழியாக சிட்டி ஸ்குவேருக்குள் போய்விடலாம். மூன்றாவது பஸ்ஸே தேவையில்லை.

பணம்: ஒரு வெள்ளிக்கு எனக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது. இருபது வெள்ளியை மட்டும் நோட்டாக மாற்றிக்கொண்டேன், மீதிக்கு யூட்ரிப் என்ற வெளிநாட்டுச் செலவு அட்டை. சின்னக் கடைகளில் நோட்டுதான் நிம்மதி. ரோமிங்கை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லாம் நடைதான். ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயில், 1911இல் தொடங்கியது. பக்கத்துக் கடையில் ரொட்டி சானாயும் (பரோட்டா) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ), தமிழிலேயே சொல்லி வாங்கலாம். ஜாலான் துருஸில் பழைய சீனக் கோயில், ஐந்து சீன மொழிக்குழுவினருக்கும் ஆளுக்கொரு தெய்வம் உள்ளே. ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ பேக்கரி, இன்னும் விறகு அடுப்புதான். வாழைப்பழக் கேக்கைச் சூடாகப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள், அட்டையின் அடிப்பக்கம் எண்ணெய் ஊறிக் கையில் ஒட்டும். வெயில் தாழ்ந்ததும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். கூரை, தூண், சுவர் என்று எங்கும் கண்ணாடிச் சில்லு, நிமிர்ந்தால் நம் முகமே நூறு துண்டாகத் தெரிகிறது. வெளிநாட்டவருக்கு ஒரு சின்னக் கட்டணம் உண்டு. கிராப் வாடகைக் கார் வேண்டாம், இதெல்லாம் நடக்கிற தூரம்தான்.

திரும்பும்போது இதே கதை தலைகீழாக. மாணவர் அட்டை இருந்தால், தரைவழியாக வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டை நிரப்பத் தேவையில்லை. ஆறு மணிக்கு எதிர்ப்பக்கம் பஸ்கள் வால்பிடித்து நிற்க, நான் அரை மணியில் கிராஞ்சியில் இருந்தேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன என் ஜூனியர் ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்து சுங்கச் சோதனையில் சிக்கிக்கொண்டான். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் நூறு வெள்ளி வரை ஜிஎஸ்டி இல்லை என்கிறார்களே, அந்தச் சலுகை மாணவர் அட்டைக்காரர்களுக்குக் கிடையாது. வாங்கியதற்கு 9 சதவீதம் கட்ட வேண்டும். சிகரெட்டுக்கும் சலுகை இல்லை, சூயிங்கம் கொண்டுவரவே கூடாது. என் கேக் பெட்டியை அதிகாரி திறந்து பார்த்தார், மூடிக் கொடுத்துவிட்டார்.