செயலி சேர்வரைத் தொடவில்லையா? கோட்டில் கை வைக்க முன் இதைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையின் மரக்கறி விலையை அன்றன்றே காட்டும் சிறிய செயலி ஒன்றைக் கொக்குவிலில் ஒரு தம்பி செய்திருந்தார். வீட்டில் நன்றாக ஓடியது. சந்தைக்குள் நின்று திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "அண்ணா, முழுக்கத் திருப்பி எழுதிப் பாத்திட்டன், சரிவரேல்லை" என்று இரவு அழைத்தார். கோட்டில் பிழையே இல்லை. சேர்வரின், அதாவது செயலிக்குப் பதில் சொல்லும் கணினியின், முகவரியாக 192.168.1.7 என்று எழுதியிருந்தார். அது வீட்டு ரவுட்டர் அவருடைய லப்டொப்புக்குக் கொடுத்த எண். அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் அந்த எண்ணால் லப்டொப்பை எட்ட முடியாது.

புதிதாகப் பழகுபவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: செயலி சேர்வருக்கு அனுப்பிய கோரிக்கை எதுவரை போய் நின்றது? அது தெரியும்வரை கோட்டைத் தொடாதீர்கள்.

முதலில் முகவரி. லோக்கல்ஹோஸ்ட் அல்லது 127.0.0.1 என்று எழுதியிருந்தால் போன் தன்னைத்தானே தேடும். அன்ட்ரொய்ட் எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலிப் போனில்) இருந்து உங்கள் கணினியை எட்ட 10.0.2.2 என்று போடவேண்டும். வீட்டுக்கு வெளியே வேலை செய்ய, கிளவுட் சேர்வரின் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சேர்வரின்) பொது முகவரியோ டொமைன் பெயரோ தேவை. அமேசானின் ஈசி2 என்ற கிளவுட் சேர்வரை நிறுத்தித் திரும்ப இயக்கினால் அதன் பொது ஐபி முகவரி மாறிவிடும். நிலையான ஐபி எடுத்து இணைத்திருந்தால் மட்டும் மாறாது. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் இதையும் பாருங்கள்.

அடுத்தது, நான் எப்போதும் செய்கிற சோதனை. போனில் வைஃபையை நிறுத்துங்கள், டேட்டாவைப் போடுங்கள். செயலியைத் திறக்காமல், போனின் பிரவுசரில் சேர்வரின் முகவரியை அப்படியே அடியுங்கள். இதற்காகவே சேர்வரில் "சரி" என்று மட்டும் பதில் சொல்லும் ஒரு பாதையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் "சரி" வந்து செயலியில் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் செயலிக்குள். பிரவுசரிலும் வராவிட்டால் சேர்வர் பக்கம் போங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

சரி, இனி பிழைச் செய்தி. பலர் அதை மறைத்து "இணைப்பு இல்லை" என்று மட்டும் காட்டுகிறார்கள். சோதனைப் பதிப்பிலாவது முழுச் செய்தியையும் திரையில் காட்டுங்கள். அதில் இருக்கும் சொல்தான் வழிகாட்டி.

"அன்னோன் ஹோஸ்ட்" அல்லது "ஹோஸ்ட் லுக்அப்" என்று வந்தால் பெயர் எண்ணாக மாறவே இல்லை. எழுத்துப் பிழையைத் தேடுங்கள். செயலி எழுத ஃப்ளட்டர் பாவிப்பவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம்: இணைய அனுமதி வரி சோதனை ஓட்டத்துக்கான டீபக் மனிஃபெஸ்ட்டில் (செயலியின் அனுமதிகளை எழுதும் கோப்பில்) தானாகவே இருக்கும், முதன்மை மனிஃபெஸ்ட்டில் அது இல்லாமல் போகலாம். கேபிளில் ஓடிய செயலி, ஏபிகே (போனில் நிறுவும் கோப்பு) ஆக்கி நண்பருக்கு அனுப்பியதும் இதே பிழையோடு நிற்கும்.

"கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்" என்றால் இயந்திரம்வரை போய்விட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் (நிரல் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலில்) பதில் சொல்ல யாரும் இல்லை. சேர்வர் நிரல் ஓடாமல் நின்றிருக்கலாம். அல்லது அது 127.0.0.1 இல் மட்டும் காத்திருக்கலாம். அப்படியானால் வெளியார் யாரும் வர முடியாது, 0.0.0.0 என்று மாற்றுங்கள். லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளை எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று காட்டும்.

"டைம் அவுட்" என்றால் முதலில் ஃபயர்வோலை, அதாவது எந்தப் போர்ட்டுக்கு யார் வரலாம் என்று பார்க்கும் காவலை, சந்தேகியுங்கள். மூடிய போர்ட்டுக்கு வரும் கோரிக்கையை அது பெரும்பாலும் சத்தமில்லாமல் விழுத்திவிடும், அதனால்தான் வட்டம் சுற்றுகிறது. நம் தம்பி கிளவுடுக்கு மாறிய பிறகு மாட்டியதும் இதில்தான்: 22 (சேர்வரை நிர்வகிக்க நுழையும் போர்ட்) திறந்திருந்தது, 443 (எச்டிடிபிஎஸ் கோரிக்கைகள் வரும் போர்ட்) மூடியிருந்தது. கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு ஃபயர்வோல், சேர்வருக்குள்ளே இன்னொன்று இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். டேட்டாபேஸின் போர்ட்டை மட்டும் உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

சான்றிதழ்ப் பிழை (சேர்வர் யாரென்று உறுதிசெய்யும் எச்டிடிபிஎஸ் சான்றிதழில் வரும் பிழை) வந்தால் போனின் திகதி சரியா என்று பார்த்துவிட்டு, சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். சேர்வர் இடைநிலைச் சான்றிதழை (உங்கள் சான்றிதழை போன் நம்பும் நிறுவனத்தோடு இணைப்பதை) அனுப்பாவிட்டாலும் இதே பிழைதான். லப்டொப் பிரவுசர் பெரும்பாலும் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், அன்ட்ரொய்ட் செயலி எடுக்காது. வெறும் எச்டிடிபி முகவரி (குறியாக்கம் இல்லாதது) என்றால், 2018 இல் வந்த அன்ட்ரொய்ட் 9 முதல் அதை இயல்பாகவே தடுக்கிறார்கள். தடையை நீக்க வழி உண்டு, ஆனால் எச்டிடிபிஎஸ் போடுவதே சரி.

401, 404, 502 போன்ற எண் வந்தால் மகிழுங்கள், இணைப்பு வேலை செய்கிறது. 401 என்றால் டோக்கன் (நீங்கள் யாரென்று காட்டும் அடையாளம்), 404 என்றால் பாதை, 502 என்றால் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற நிரல் உயிரோடு இருக்கிறது, பின்னால் உங்கள் நிரல் பதில் தரவில்லை.

இதற்குப் பிறகும் பிடிபடாவிட்டால் சேர்வர் லொக்கை (வந்த கோரிக்கைகளின் பதிவை) திறந்து வைத்துக்கொண்டு செயலியில் ஒருமுறை அழுத்துங்கள். புது வரி விழுந்தால் கோரிக்கை வந்துவிட்டது. நேரத்தைப் பார்த்துக் குழம்பவேண்டாம்: பல சேர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும், யாழ்ப்பாணத்தில் காலை 10 மணிக்கு அழுத்தியது லொக்கில் 4.30 என்று இருக்கும். யாரிடமாவது உதவி கேட்பதென்றால் அந்த வரியையும் முழுப் பிழைச் செய்தியையும் அனுப்புங்கள், வைஃபையா டேட்டாவா என்றும் சொல்லுங்கள். அனுப்ப முன் டோக்கனையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடுங்கள்.