அமெரிக்க உள்நாட்டுப் போர்: பேசும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் (1861–65) பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு கட்சிதான். 'அடிமைகளை விடுவிக்க லிங்கன் தொடங்கிய போர்' என்பது ஒன்று. 'அதெல்லாம் சும்மா, மாநில உரிமைக்கான சண்டை' என்பது மற்றது. இரண்டு கட்சியும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. அடிமைமுறையை வைத்திருந்த தெற்கு மாநிலங்கள் நாட்டிலிருந்து ஏன் பிரிந்தன, அதிபர் லிங்கனின் பக்கம் நின்ற வடக்கு ஏன் போருக்குப் போனது என்பவை தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் ஒரே பதிலைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

தெற்கு ஏன் பிரிந்தது என்று ஊகிக்கவே வேண்டாம், அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்த மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் அடித்தளம் என்று 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசினார். மாநிலங்களின் விஷயத்தில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்ற மாநில உரிமை வாதம் இன்னும் வேடிக்கை. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டத்துக்கு வடக்கு மாநிலங்கள் சில முட்டுக்கட்டை போட்டன. அப்போது தென் கரோலினாவுக்கு அந்த மாநிலங்களின் உரிமை நினைவுக்கு வரவில்லை. அதையே குற்றச்சாட்டாக எழுதி, 1860 டிசம்பரில் முதல் ஆளாக வெளியேறியது.

வடக்கின் கதை வேறு. அடிமைமுறை ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் கைவைக்க மாட்டேன் என்றுதான் லிங்கன் பதவியேற்றபோது சொன்னார். புதிய பகுதிகளுக்கு அது பரவக் கூடாது என்பதே அவர் கட்சியின் நிலை. 1861 ஏப்ரலில் தென் கரோலினாவில் இருந்த அமெரிக்கப் படையின் சம்டர் கோட்டையைத் தெற்கு தாக்கியதும் அவர் படை திரட்டியது நாடு உடையாமல் காக்க. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கும் அடிமைமுறையை வைத்துக்கொண்டே அவர் பக்கம் நின்றன.

'ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை (உடையாத அமெரிக்காவை) காக்க முடிந்தால் அப்படியே செய்வேன்' என்று 1862 ஆகஸ்டில் லிங்கன் எழுதிய வரியைக் காட்டி, 'பார்த்தீர்களா, அவருக்கு அக்கறையே இல்லை' என்பார்கள். அதற்கு முந்தைய மாதமே கிளர்ச்சிப் பகுதிகளில் இருந்த அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் படித்துக் காட்டியிருந்தார் மனிதர். தேதியைப் பார்க்காமல் மேற்கோளை மட்டும் உருவினால் இப்படித்தான்.

அடிமைப்பட்டிருந்த மக்கள் விடுதலை வரும்வரை கைகட்டிக் காத்திருந்தார்கள் என்று நினைப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. 1861 மே மாதம், போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. வர்ஜீனியாவில் தெற்குப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று பேர், இரவில் படகேறி வடக்கின் வசமிருந்த மன்றோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாளே சமாதானக் கொடியோடு வந்த தெற்கு அதிகாரி, சட்டப்படி அவர்களைத் திருப்பித் தரச் சொன்னார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் வக்கீல். வர்ஜீனியா தன்னைத் தனி நாடு என்கிறதே, அப்புறம் அமெரிக்கச் சட்டம் அதற்கு எப்படிப் பொருந்தும் என்று மடக்கினார். எதிரியின் போர் வேலைக்குப் பயன்பட்ட உடைமை என்று சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். சேதி பரவியதும் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து சேர்ந்தார்கள். அடிமைகளை என்ன செய்வது என்ற கேள்வியை வாஷிங்டன் தள்ளிப்போட முடியாமல் போனது இப்படித்தான். பிறகு வடக்கின் தரைப்படையில் மட்டும் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்தார்கள்.

கடைசியாக, 1863 ஜனவரி 1 பிரகடனத்தோடு அடிமைமுறை ஒழிந்தது என்று எழுதாதீர்கள். அது கிளர்ச்சியில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே. கென்டக்கியிலும் டெலவேரிலும் தெற்கு சரணடைந்த பிறகும் அடிமைமுறை சட்டப்படி நீடித்தது. 1865 டிசம்பரில் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் போனது. அந்தத் திருத்தத்துக்கு டெலவேர் ஒப்புதல் தந்தது 1901இல், கென்டக்கி 1976இல்.