ஆங்கில வாக்கியத்தில் ‘இல்லை’ எங்கே விழுகிறது? படிப்படியாக ஒரு பயிற்சி

இரண்டு எதிர்மறை சேர்ந்தால் அர்த்தம் நேராகிவிடுமா? ‘டோன்ட் யூ’ என்று ஒருவர் கேட்டால் ‘யெஸ்’ சொல்வதா, ‘நோ’ சொல்வதா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்தது பெரும்பாலும் ‘துணைவினைக்குப் பின்னால் நாட் போடு’ என்பதோடு நின்றுவிடுகிறது. எழுத அது உதவும், படித்துப் புரிந்துகொள்ளப் போதாது. எதிர்மறைச் சொல் எது, அது வாக்கியத்தில் எதைத் தொடுகிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒளிந்திருக்கும் எதிர்மறைகளையும் வட்டமிடுங்கள்

நாட், நோ, நெவர், நத்திங், நோபடி ஆகியவை கண்ணில் பட்டுவிடும். தப்பிப்பவை வேறு: ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி (இரண்டும் ‘ஏறக்குறைய இல்லை’), செல்டம் (அரிதாக), வித்தவுட் (இல்லாமல்), அன்லெஸ் (இல்லாவிட்டால்), டினை (மறுத்தல்). இவற்றில் ‘நாட்’ எங்கும் தெரியாது, ஆனால் வேலை அதே வேலை.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் கடைசியில் ஒரு குட்டிக் கேள்வியை ஒட்டிப் பாருங்கள். ‘ஹி ஈட்ஸ் மீட்’ என்றால் ‘டஸன்ட் ஹி?’ என்று முடியும். ‘ஹி ஹார்ட்லி ஈட்ஸ் மீட்’ என்றால் ‘டஸ் ஹி?’ என்றுதான் வரும். நேர்க்கேள்வி ஒட்டுகிறது என்றால் வாக்கியம் எதிர்மறை. அதனால்தான் ‘ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ’ என்று எழுதினால் ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’ போதும்.

நம்மை அதிகம் வழுக்கிவிடுவது ‘அன்லெஸ்’. ‘பணம் கட்டாவிட்டால்’ என்று தமிழில் யோசித்து, ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்று எழுதிவிடுகிறோம். ‘கட்டாவிட்டால்’ என்பதில் உள்ள மறுப்பு முழுவதும் ‘அன்லெஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. ‘அன்லெஸ் யூ பே’ என்றால்தான் ‘நீங்கள் கட்டாவிட்டால்’. ‘அன்டில்’ விஷயத்திலும் அப்படித்தான். ‘நீ வராத வரைக்கும் நான் சாப்பிட மாட்டேன்’ என்பதற்கு ‘அன்டில் யூ கம்’ என்று எழுதினாலே போதும், உள்ளே இன்னொரு ‘டோன்ட்’ வேண்டியதில்லை.

படி 2: வட்டமிட்ட சொல்லிலிருந்து ஒரு அம்பு போடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. எதிர்மறைச் சொல் எதை மறுக்கிறதோ, அதை நோக்கி அம்பு போடுங்கள். இரண்டு இடங்களுக்குப் போட முடிகிறது என்றால் அந்த வாக்கியம் சண்டைக்கு வழிவைக்கும்.

‘ஷி டிடன்ட் லீவ் த ஜாப் பிகாஸ் ஆஃப் த சேலரி’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அம்பை ‘லீவ்’ மேல் போட்டால், சம்பளம் நன்றாக இருந்ததால் அவர் வேலையை விடவில்லை. அதே அம்பை ‘பிகாஸ்’ மேல் போட்டால் அவர் வேலையை விட்டுவிட்டார், காரணம்தான் சம்பளம் இல்லை. ஒரே வாக்கியத்தில் ஒருவர் வேலையில் இருக்கிறார், இல்லாமலும் போகிறார்! இலக்கணப்படி இரண்டு அர்த்தமும் சரியே. ஆகவே யார் சொன்னது சரி என்று வாதாடுவதைவிட, எழுதுகிறவர் பிரித்து எழுதுவதே நல்லது. இரண்டாவது அர்த்தம் வேண்டுமானால் ‘ஷி லெஃப்ட், பட் நாட் பிகாஸ் ஆஃப் த சேலரி’.

‘ஆல்’ உடன் ‘நாட்’ சேரும்போதும் இதே சிக்கல். ‘ஆல் த ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் பாஸ்’ என்றால் ஒருவரும் தேறவில்லையா, சிலர் மட்டும் தேறவில்லையா? ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வரும் ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்ற வரியின் ஆங்கில அமைப்பும் இதுதான். அங்கே சூழ்நிலை நமக்கு அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. தேர்வு முடிவை அறிவிக்கும் தாளில் சூழ்நிலையை நம்ப முடியாது. சிலர் என்றால் ‘நாட் ஆல்’ என்று முன்னால் வையுங்கள், ஒருவருமே இல்லை என்றால் ‘நன்’ போடுங்கள்.

அப்புறம், ‘மஸ்ட் நாட்’, ‘டோன்ட் ஹேவ் டு’. நேர் வாக்கியத்தில் ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். எதிர்மறையாக்கினால் இரண்டும் இரண்டு திசையில் பிரிந்துவிடும். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரவே கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வர வேண்டிய கட்டாயமில்லை, வந்தாலும் தவறில்லை. தமிழில் ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்பது இரண்டுக்கும் ஓடும், குரலை வைத்துப் புரிந்துகொள்வோம். மின்னஞ்சலில் குரல் இல்லை. விடுமுறை சொல்ல நினைத்து ‘யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ’ என்று அனுப்பினால், படிப்பவர் தன்னை வேலையைவிட்டே எடுத்துவிட்டார்களோ என்று பதறிப்போவார்.

படி 3: எதிர்மறைக் கேள்விக்கு வால் ஒட்டிப் பதில் சொல்லுங்கள்

மருத்துவமனையில் ஊசி போடும் முன் நர்ஸ் கேட்கிறார்: ‘யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜீஸ்?’ உங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. தமிழ்ப் பழக்கத்தில், அவர் சொன்னது சரி என்ற அர்த்தத்தில், ‘ஆமாம்’ என்று ‘யெஸ்’ சொல்ல வாய் வரும். ஆங்கிலக் காதுக்கு அது ‘ஒவ்வாமை இருக்கிறது’ என்று கேட்கலாம். தமிழில் நாம் கேட்டவரின் கூற்றுக்குத் தலையாட்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்’ஸும் ‘நோ’வும் நம் பதிலோடு சேர்கின்றன. பதில் எதிர்மறையா, ‘நோ’. நேர்மறையா, ‘யெஸ்’. கேள்வி எந்த உருவத்தில் வந்தாலும் கவலையில்லை.

இதில் குழம்புவதற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. பழைய ஆங்கிலேயர்கள் இதற்கு நான்கு சொற்கள் வைத்திருந்தார்கள். நேரான கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’. சுமார் 1600வாக்கில் இந்த வேறுபாடு வழக்கொழிந்து, பின்னவை இரண்டுமே எல்லாக் கேள்விக்கும் பொதுவாகிவிட்டன. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எதிர்மறைக் கேள்வியை மறுக்க இன்றும் தனிச் சொல் உண்டு. ஆங்கிலம் அந்த வசதியை இழந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். ‘நோ, ஐ டோன்ட்’ என்றோ ‘யெஸ், ஐ டூ’ என்றோ வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘யெஸ், ஐ டோன்ட்’ என்று மட்டும் கலக்கக் கூடாது. ‘வுட் யூ மைண்ட்?’ (உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?) என்று உதவி கேட்டால், சம்மதம் சொல்ல ‘நாட் அட் ஆல்’ (கொஞ்சமும் இல்லை).

படி 4: ‘தப்பு’ என்பதையும் ‘புரியவில்லை’ என்பதையும் பிரியுங்கள்

‘ஐ டிடன்ட் ஸீ நோபடி’ என்று ஒருவர் சொன்னால், ‘இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை, அப்படியானால் நீ யாரையோ பார்த்தாய்’ என்று மடக்குகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லவ்த் போன்ற இலக்கண ஆசிரியர்கள் பரப்பினார்கள். அதற்கு முன் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸர், ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் ஒரு வீரனை வர்ணிக்கும்போது, இரண்டே அடிகளில் நான்கு எதிர்மறைச் சொற்களை வைத்திருக்கிறார். அந்த வீரன் யாரையும் எப்போதும் இழிவாகப் பேசியதில்லை என்றுதான் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். இன்றும் லண்டன் உழைக்கும் மக்களின் ‘காக்னி’ப் பேச்சிலும், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பேச்சிலும் இந்த அமைப்பு ஒழுங்கான விதிகளோடு வாழ்கிறது. அவர்களை மொழி தெரியாதவர்கள் என்பது அநியாயம். ஆனாலும் தேர்வு, வேலை விண்ணப்பம், அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் ‘ஐ டிடன்ட் ஸீ எனிபடி’ என்றே எழுதுங்கள், அங்கே எதிர்பார்ப்பது அதைத்தான்.

‘நாட் அன்காமன்’ வேறு வகை. அதில் இரண்டும் உண்மையிலேயே ஒன்றையொன்று வெட்டுகின்றன, ‘அரிதல்ல’ என்ற மிதமான அர்த்தம் கிடைக்கிறது. அளவோடு பயன்படுத்தலாம்.

டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருக்கும் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ எதிர்மறையே இல்லை. முன்னால் உள்ள ‘இன்’ மறுப்பைக் குறிக்காது. எளிதில் தீப்பற்றும் என்றே பொருள். ‘தீப்பற்றாது’ என்று யாராவது படித்துவிட்டால் ஆபத்து என்பதால், 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொன்னது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்.

படி 5: பயிற்சி

உளவியலாளர்கள் வேசனும் ரெய்ஷும் 1979இல் ஆராய்ந்த வாக்கியம் இது: ‘நோ ஹெட் இன்ஜுரி இஸ் டூ ட்ரிவியல் டு பி இக்னோர்ட்’. தலைக்காயம் எவ்வளவு சின்னதானாலும் அலட்சியப்படுத்தாதே என்றுதானே முதலில் தோன்றுகிறது? இதே அச்சில் இன்னொரு வாக்கியத்தை வைத்துப் பாருங்கள்: ‘நோ மிஸைல் இஸ் டூ ஸ்மால் டு பி பேன்ட்’. எவ்வளவு சிறிய ஏவுகணையானாலும் தடைசெய்ய வேண்டும் என்று அர்த்தம். இப்போது முதல் வாக்கியத்துக்குத் திரும்புங்கள். எவ்வளவு சின்னக் காயமானாலும் அலட்சியப்படுத்த வேண்டும் என்றல்லவா வருகிறது!

‘நோ’, ‘டூ’, ‘இக்னோர்’ மூன்றையும் வட்டமிடுங்கள். மூன்றிலும் மறுப்பு இருக்கிறது. மூன்று சேர்ந்தால் மனம் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, உலக அறிவை வைத்து அர்த்தத்தை ஊகிக்கிறது. கடைசிச் சொல்லை ‘ட்ரீட்டட்’ என்று மாற்றினால் வாக்கியம் நேராகிவிடும். இன்னும் தெளிவாக வேண்டுமா? ‘ட்ரீட் எவ்ரி ஹெட் இன்ஜுரி, ஹவெவர் ஸ்மால்’ என்று எழுதுங்கள், ஒரு எதிர்மறைகூடத் தேவைப்படாது.